வெள்ளைச் சுவரும் முதல் பத்திரிகையும்

பாப்பா,

போன மாதம் நீ கோயம்புத்தூரிலிருந்து பேசியபோது ஒன்று கேட்டாய். நான் "சிக்னல் சரியில்ல, அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. உன் பக்கத்தில் யாரோ டீ ஆற்றுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. "முதப் பத்திரிகையப் பெரியப்பா வீட்டுல வைக்காம எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்ப்பா" என்று நீ சொன்னதை நான் தாங்கிக்கொண்டேன். எதிர்பார்த்ததுதான். அதற்குப் பிறகு, குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு அந்த மூலையப் பிடிச்சு இழுத்தது நான்தானேப்பா? என்னாலதான ரெண்டு பேரும் பேசாம இருக்கீங்க?" என்று கேட்டாயே, அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. இருந்தது, போனில் சொல்லும்படியான பதில் இல்லை. வாயால் சொல்லத் தொடங்கினால் நடுவில் யாரையாவது திட்டி அதில் ஒளிந்துகொள்வேன் என்று எனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். காகிதத்தில் திட்டினால் நாமே திரும்பப் படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அது ஒரு கட்டுப்பாடு.

பதினாறு வயதில் நடந்த ஒன்றை இருபத்தைந்து வயது வரை நீ உன் கணக்கில் வைத்திருந்திருக்கிறாய் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். உன் அம்மாவிடம் கேட்டேன். "அவ அந்தப் பொட்டி பக்கமே போக மாட்டாளே, நீங்க பார்த்ததில்லையா?" என்றாள். நான் பார்த்ததில்லை. நான் பார்த்ததெல்லாம் எனக்கு இழைக்கப்பட்ட அநியாயங்களை மட்டும்தான். அந்தப் பட்டியல் நீளம் என்பது உனக்குத் தெரியும். என்னைவிடப் பதினொரு வருடம் இளையவரைத் துறைத்தலைவராக உட்காரவைத்த கல்லூரி, என் பெயரை விட்டுவிட்டு அச்சடித்த ஆண்டுமலர், உன் அம்மா வீட்டார் என்னை மட்டும் 'வாத்தியார் மாப்பிள்ளை' என்று கூப்பிடுகிற தொனி. இவற்றை நான் மறக்கவில்லை. இந்தக் கடிதத்திலும் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பட்டியலின் உச்சியில் ஒன்பது வருடமாக இருந்த பெயர் உன் பெரியப்பாவுடையது. அது அங்கே இருந்திருக்கவே கூடாது.

அந்தப் பெட்டியை நான் ஏன் செய்யத் தொடங்கினேன் என்பதிலிருந்து வருகிறேன். அந்த வருடம் கல்லூரியில் வகுப்புக்கு வகுப்பு புது ப்ரொஜெக்டர் மாட்டினார்கள். பழைய ஓ.எச்.பி.க்களை, அதுதான் கண்ணாடித்தாளில் எழுதி வைத்தால் சுவரில் பெரிதாகக் காட்டும் அந்தப் பெட்டிகளை, மாடிப்படிக்குக் கீழே குவித்துவிட்டார்கள். புதியவற்றுக்கு யார் பொறுப்பு என்று ஒரு கூட்டம் நடந்தது. பௌதிகத் துறையில் ஒளியியல் நடத்துகிற என்னைக் கேட்கவில்லை. நான் எழுந்து, "ஒரு ப்ரொஜெக்டர்ல என்ன பெருசா இருக்கு? ஒரு விளக்கு, ஒரு திரை, ரெண்டு லென்ஸ். நானே செஞ்சு காட்டுறேன்" என்றேன். யாரோ சிரித்தார்கள். இன்றைக்கும் அது யார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாளே எழுதிக் கொடுத்து, ஒரு ஓ.எச்.பி.யை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். உனக்கு நினைவிருக்கும். அதன் மேல்கண்ணாடிக்குக் கீழே வட்ட வட்டமாகக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் தகடு இருந்தது. அதுதான் ஃபிரெனல் லென்ஸ் என்று சொன்னேன். நீ அதை வெயிலில் பிடித்து மொட்டைமாடியில் ஒரு தேங்காய் நாரைப் பற்றவைத்தாய். உன் அம்மா கத்தினாள். நமக்கு அவ்வளவு சந்தோஷம். சவுண்ட் சர்வீஸ்காரர் தூக்கிப்போட்ட ஸ்பீக்கர் பெட்டி ஒன்று கிடைத்தது. எரியாத ஃபோகஸ் லைட்டிலிருந்து எல்.இ.டி.யைக் கழற்றி, மின்சாரம் கொடுக்கும் வேறு டிரைவர் போர்டு போட்டு எரியவைத்தோம். சூட்டைத் தணிக்கச் செத்துப்போன கம்ப்யூட்டரின் காற்றாடி. எல்லாம் வந்துவிட்டது, திரை மட்டும் இல்லை. படம் வருகிற அந்த எல்.சி.டி. பேனல்.

அதற்கு உன் பெரியப்பாவிடம்தான் போக வேண்டியிருந்தது. நாகல் நகரில் டிவி ரிப்பேர் கடை வைத்திருப்பவரிடம் இல்லாத பேனலா? போக எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. அவர் எட்டாவதோடு நின்று ஒரு கடையில் சால்டரிங் பிடித்தவர். நான் மதுரையில் எம்.எஸ்சி. படித்தது அவர் கை வேலையில்தான். அவர் ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. மற்ற எல்லோரும் சொன்னார்கள். எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் என் தோளைத் தட்டி, "அண்ணன் மட்டும் இல்லேன்னா நீ இன்னைக்கு வெங்காய மண்டியில தராசு பிடிச்சிக்கிட்டு இருப்படா" என்பார். உன் தாத்தா மண்டியில் தராசு பிடித்தவர்தான். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அப்படி நன்றி சொல்ல நிறுத்தப்படுகிறவனுக்கு, பாப்பா, நன்றி மெல்லக் கசந்துபோகும். உதவி செய்தவரிடம் ஒரு குறை கண்டுபிடித்துவிட்டால் மூச்சு விடலாமே என்று மனசு தேடத் தொடங்கிவிடும். நான் அப்படித்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

பேனல் கொடுத்தார். பின்விளக்கு போன ஒரு பதினைந்து அங்குல மானிட்டரைப் பிரித்து, போர்டோடு சேர்த்து, துணியில் சுற்றிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டார். தாத்தாவின் முதல் வருடத் திதி வருகிறது, அன்றைக்குச் சாயங்காலம் எல்லோரும் இருக்கும்போது அவருடைய கல்யாண கேசட்டைப் பெரிதாகப் போட்டுக் காட்டலாம் என்று இருக்கிறேன் என்றேன். தாத்தா அசைந்து பேசுகிற மாதிரி இந்த உலகத்தில் இருப்பது அந்த ஒரு நிமிடம்தான். பந்தி நடக்கிறது. சாம்பார் வாளியோடு இலை இலையாக வருகிறார். கேமரா கிட்டே போனதும் கரண்டியை ஆட்டி, "ஏலே, இங்க எதுக்குடா பிடிக்கிற, பொண்ணு மாப்பிள்ளையப் போய்ப் பிடி" என்று விரட்டுகிறார். அவ்வளவுதான். மற்றபடி ரேஷன் கார்டில் இருக்கிற முகம் மட்டும்தான் மிச்சம்.

"கேசட்டை நான் பென்டிரைவ்ல ஏத்தித் தாரேன்" என்றார் பெரியப்பா. பிறகு ஒன்று சொன்னார். "பேனலோட மேல் பிலிம்ல மட்டும் கை வைக்காத. படம் லேசா மங்கலா வரும். வரட்டும். விட்டுரு."

திதிக்கு முந்தின நாள் இருட்டியதும் நாம் சோதித்துப் பார்த்தோமே, படம் வந்தது. தலைகீழாக வந்தது, பேனலைத் திருப்பி வைத்ததும் நேரானது. நீ கை தட்டினாய். ஆனால் மோர் தெளித்தாற்போல ஒரு மங்கல். எனக்கு அது பொறுக்கவில்லை. இணையத்தில் ஓர் ஆள் செய்து காட்டியதைப் பார்த்திருந்தேன். பேனலின் மேலே கண்கூச்சம் தடுக்கும் சொரசொரப்பான படலம் ஒன்று உண்டு, ஈரக் காகிதம் போட்டு ஊறவைத்து அதை உரித்துவிட்டால் படம் பளிச்சென்று வரும் என்றான். திதியன்று காலையில், ஐயர் கிளம்பிப்போன கையோடு, ஈரச் செய்தித்தாளைப் போட்டு மூடினேன். நீ கேட்டாய். உன் வார்த்தை அப்படியே நினைவிருக்கிறது.

"பெரியப்பா கை வைக்காதீங்கன்னாருல்லப்பா?"

"உங்க பெரியப்பா எட்டாங்கிளாஸு. நான் இதைத்தான் இருபது வருசமாப் பாடமா நடத்துறேன். நீ அந்த மூலையப் பிடி. ம், இழு."

நீ இழுத்தாய். நான் மறுமூலையைப் பிடித்திருந்தேன். மெதுவாக, சத்தமில்லாமல், முழுசாக வந்தது. அடியில் இருந்த பேனல் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. "பார்த்தியா?" என்று நான் உன்னைக் கேட்டேன். நடந்தது இதுதான். இழுத்த கை உன்னுடையது. இழு என்ற வாய் என்னுடையது. தடுத்த கேள்வியும் உன்னுடையதுதான். அந்தக் கேள்வியை மறந்துவிட்டு, இழுத்ததை மட்டும் ஒன்பது வருடம் நீ சுமந்திருக்கிறாய்.

பகல் வெளிச்சத்தில் சோதிக்க முடியாது. சாயங்காலம் ஆனதும் ஆட்கள் வந்துவிட்டார்கள். மொட்டைமாடியில் ஜமுக்காளம் விரித்து இருபது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். உன் அம்மா வீட்டார் ஒட்டன்சத்திரத்திலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். பெரியப்பா பின்வரிசையில், தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து நின்றார். மாடிப்படி அறையின் சுவருக்கு அதற்காகவே வெள்ளையடித்து வைத்திருந்தேன். விளக்கைப் போட்டேன். காற்றாடி சுற்றியது. லேப்டாப்பில் வீடியோ ஓடியது, நாதஸ்வரம் கேட்டது, பந்திச் சத்தம் கேட்டது. "பொண்ணு மாப்பிள்ளையப் போய்ப் பிடி" என்று தாத்தாவின் குரலும் கேட்டது. சுவரில் வெறும் வெள்ளை. பளிச்சென்று, ஒரு கறைகூட இல்லாத வெள்ளை.

நான் வயரை ஆட்டினேன், போர்டைத் தட்டினேன், திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஓட்டினேன். உன் அம்மாவின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "ஏனுங்க மாப்ளே, வெள்ளையடிச்ச செவுத்தைக் காட்டவா எங்களை இத்தன தூரம் வரச் சொன்னீங்க?" எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, இன்றைக்கு நினைத்தால் தெரிகிறது. அன்றைக்கு எனக்குக் கல்லூரிக் கூட்டத்தில் கேட்ட அதே சிரிப்பாகக் கேட்டது. நான் திரும்பி, தொட்டியருகே நின்றவரைப் பார்த்துக் கத்தினேன்.

"ஓட்டைப் பேனலத் தூக்கிக் குடுத்துட்டு, இத்தன பேரு முன்னாடி நான் அசிங்கப்படுறத வேடிக்கை பார்க்க வந்து நிக்கிறியாண்ணே? இதுக்குத்தான பென்டிரைவெல்லாம் போட்டுக் குடுத்த?"

அவர் வெள்ளைச் சுவரைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரிடா. பேனலு பழசு. என் மேலதான் தப்பு. விடு" என்றார். அந்த 'சரி' எனக்கு இன்னும் வெறியேற்றியது. உன் பெரியம்மா அழுதாள். இருவரும் சாப்பிடாமல் கீழே இறங்கிப் போனார்கள். அப்பா திதியன்று மூத்த மகன் இலையில் உட்காராமல் போனதை, 'பார், எவ்வளவு திமிர்' என்று நான் என் பட்டியலில் எழுதிக்கொண்டேன்.

இனி எழுதப்போவது உன் அம்மாவுக்குக்கூட நான் சொல்லாதது. அடுத்த வாரம் ஆய்வகத்தில் இரண்டாமாண்டு மாணவர்களுக்கு வகுப்பு. ஒளியைத் திசைப்படுத்தும் சோதனை. போலராய்டு வில்லைகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, ஒன்றைச் சுழற்றினால் வெளிச்சம் மங்கி மங்கி இருண்டு போகும். பிறகு திரும்ப வரும். ஒரு வில்லையை எடுத்துவிட்டால்? எவ்வளவு சுழற்றினாலும் ஒன்றும் தெரியாது, வெறும் வெளிச்சம்தான். இதை ஒரு பெண் பிள்ளை என்னிடமே விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்.சி.டி. பேனலும் அதேதான். முன்னால் அந்த வில்லை மாதிரியே ஒரு போலரைசர் படலம், பின்னால் ஒன்று. நாம் உரித்தது கூச்சம் தடுக்கும் படலத்தை மட்டும் இல்லை. அதோடு ஒட்டியிருந்த போலரைசரையும் சேர்த்தே உரித்துவிட்டோம். இருபது வருடம் பாடம் நடத்தியவன் செய்த காரியம்.

அன்று சாயங்காலம் ஒரு வில்லையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். நீ டியூஷன் போயிருந்தாய். பெட்டியைத் திறந்து, விளக்கைப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு, வில்லையை அந்த வெள்ளைப் பேனலுக்கு முன்னால் பிடித்தேன். வில்லை இருந்த வட்டத்துக்குள் மட்டும் படம் தெரிந்தது. ஒரு வாழையிலை. வில்லையை நகர்த்தினேன். ஒரு வேட்டி மடிப்பு. வாளி. இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். ஒரு சின்ன அப்பள அளவு வட்டத்துக்குள் உன் தாத்தா கரண்டியை ஆட்டிக்கொண்டிருந்தார். படம் அங்கேதான் இருந்திருக்கிறது. அன்றைக்கும் இருந்தது. அந்த வில்லையை லென்சுக்கு முன்னால் வைத்திருந்தாலே சுவரில் கொஞ்சம் மங்கலாக எல்லாம் விழுந்திருக்கும். எல்லோரையும் மறுபடி கூப்பிட்டிருக்கலாம். நான் விளக்கை அணைத்தேன். பெட்டியைச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினேன். வில்லையை மறுநாள் ஆய்வகத்தில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். முதல் வாரம் வெட்கம். அடுத்த மாதம், இவ்வளவு நாள் கழித்துச் சொன்னால் என்ன நினைப்பார் என்ற யோசனை. ஒரு வருடம் ஆனதும் கோபம் பழகிவிட்டது. அவர் மேல்தான் தப்பு என்று நானே ஏறக்குறைய நம்பிவிட்டேன். தெரிந்தே ஒரு பொய்யான கோபத்தை வைத்திருப்பது உண்மையான கோபத்தைவிடக் கடினம் பாப்பா. தினமும் அதற்குத் தீனி போட வேண்டும். அவர் தீபாவளிக்கு அனுப்பிய பலகாரத்தை 'பழசு' என்று வேலைக்காரம்மாவிடம் கொடுத்தது, தெருவில் அவர் ஸ்கூட்டரைக் கண்டால் மருந்துக்கடைக்குள் நுழைந்தது, எல்லாம் தீனிதான்.

அவற்றில் மோசமானது உனக்கே தெரியும். பெரியப்பா மகன், உன் அண்ணன் கல்யாணத்துக்கு, குலசாமிக்கு வைத்த கையோடு முதல் பத்திரிகையை எடுத்துக்கொண்டு அவர் நம் வீட்டுக்குத்தான் வந்தார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டேன். "அப்பா வீட்டுல இல்லைன்னு சொல்லு" என்று உன்னை அனுப்பினேன். நீ வாசலில் நின்று அதைச் சொன்னாய். அவர் சொன்னது தண்ணீர்ச் சத்தத்தையும் தாண்டி எனக்குக் கேட்டது. "சரி தாயி. குழாய மட்டும் மூடச் சொல்லு. டேங்க்கு காலியாயிரும்." தட்டை உன் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் உன்னையும் பட்டியலில் சேர்த்திருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் உன் அம்மாவும் போனோம். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம், மேலே பத்திரிகை. பரணிலிருந்து பெட்டியையும் இறக்கினேன். சாக்கை அவிழ்த்ததும் உன் அம்மா, "போடவும் மாட்டாக, தூக்கி எறியவும் மாட்டாக, இப்ப எதுக்கு?" என்றாள். ஆட்டோவில் போகும்போது அவளிடம் முழுவதையும் சொன்னேன். ஆட்டோக்காரர் காதில் விழாமல் இருக்க மெல்லச் சொன்னேன். நாகல் நகர் பாலம் ஏறி இறங்கினோம். பிறகு, "அவரு அன்னைக்குச் சாப்பிடாமப் போன சோத்தை நான்தான் மறுநா மாட்டுக்கு வச்சேன்" என்றாள். அதுவே போதுமானதாக இருந்தது.

பெரியப்பா கடையில்தான் இருந்தார். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டி ஏதோ போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"யாரு, வாத்தியாரா? இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. ரிப்பேர் நாளைக்குத்தான் எடுப்பேன்."

"ரிப்பேருக்கு வரலைண்ணே. பத்திரிகை வைக்க வந்தோம்."

"பத்திரிகையக் கடையிலயா வைப்ப? அம்புட்டுப் படிச்சும் ஒனக்கு இது தெரியலையே. மேல போ, ஒம் மதினி இருக்கா. கையக் கழுவிட்டு வாரேன்."

மேலே பெரியம்மா கதவைத் திறந்து நின்றாள். "வாங்க தம்பி. என்ன, முடியெல்லாம் நரைச்சுப் போச்சு? கோவத்துலயா?" என்றாள். உன் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எனக்கு உட்கார இடம் காட்டவில்லை; நானாக உட்கார்ந்தேன். பெரியப்பா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். தட்டை நீட்டுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்திருந்தேன். நினைத்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

"அண்ணே, அது நல்ல பேனல்தான். நீ வேண்டாம்னியே, அந்த மேல் பிலிமை நான் உரிச்சுட்டேன். அதான் வெள்ளையா விழுந்துச்சு."

"தெரியும்" என்றார்.

"எப்ப தெரியும்?"

"செவுரு வெள்ளையானதுமே தெரியும். டிவி ரிப்பேர் பார்க்கிறவன் எவனுக்கும் தெரியும்டா. வாரத்துக்கு நாலு டிவிக்கு அந்த ஷீட்டைத்தான ஒட்டிக்கிட்டு இருக்கேன்."

"பின்ன ஏன் அங்கேயே சொல்லல?"

"என்னன்னு சொல்ல? ஒம் மாமனாரு உக்காந்திருக்காரு. வேன் நெறைய சனம் உக்காந்திருக்கு. எம்மெஸ்ஸி படிச்ச எந்தம்பி பிலிமை உரிச்சுப்புட்டான்னு எட்டாங்கிளாஸு நான் எந்திரிச்சுச் சொல்லணுமாக்கும்?"

எனக்கு அந்த நிமிடம் நன்றி வரவில்லை, பாப்பா. உண்மையைத்தானே எழுதுகிறேன். எரிச்சல்தான் வந்தது. இதிலும் அவர்தான் கொடுத்தவர், நான்தான் வாங்கியவன். ஒன்பது வருடம் என் தப்பை அவர் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். "அதுக்கப்புறமாச்சும் சொல்லிருக்கலாம்ல?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். உன் அம்மா என் முழங்காலைக் கிள்ளினாள்.

பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ மறுநா வருவேன்னு இருந்தேன்டா. காலையில கடையத் தொறக்கல. நீ காலேசுக்குப் போறதுக்கு முன்னாடி வருவ, கடையில ஆளு இருந்தா ஒனக்குச் சொல்லக் கூச்சமா இருக்கும்னுட்டு, பத்து மணி வரைக்கும் வீட்டுலயே உக்காந்திருந்தேன்."

"பத்து மணி இல்ல. பன்னெண்டு" என்றாள் பெரியம்மா அடுப்படியிலிருந்து. "இட்லி வேற ஆறிப்போச்சு."

அங்கேதான் நான் உடைந்தேன். விவரம் எழுத மாட்டேன். உன் அம்மாவிடம் கேட்டால் மிகைப்படுத்திச் சொல்வாள்.

தட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். பத்திரிகையைப் பிரித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, ஒரு வரி விடாமல் படித்தார். மேலே அவர் பெயரும் பெரியம்மா பெயரும் முதலில் இருந்தன. "மண்டபத்துக்கு வழி போட்டிருக்கானே, தாடிக்கொம்பு ரோட்டுல இடது பக்கமா வலது பக்கமா? தப்பாப் போட்டிருக்கான் பாரு" என்று மட்டும் சொன்னார். பிறகு எழுந்து கடைக்கு இறங்கிப் போய், ஒரு பழைய தினசரிக் காலண்டர் அட்டையில் வைத்துக் கட்டிய எதையோ எடுத்து வந்தார். பிரித்தார். பதினைந்து அங்குலத்துக்குச் சரியாக வெட்டிய போலரைசர் ஷீட். பாதுகாப்புத்தாள்கூட இன்னும் உரிக்காமல் இருந்தது. ஒரு மூலையில் எந்தப் பக்கம் மேலே என்று பென்சிலால் அம்புக்குறி.

"இது எப்ப வெட்டினதுண்ணே?"

"அந்த வாரமேதான். நீ வந்தா ஒட்டிக் குடுத்து அனுப்பலாம்னு வச்சிருந்தேன்."

நான் உடனே பெட்டியைத் திறந்தேன். அவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார். "இரு. இந்த ஒட்டுற வேலைக்கு ரெண்டு பேரு வேணும். ஒருத்தர் மூலையப் பிடிக்கணும், ஒருத்தர் அமுக்கிக்கிட்டே வரணும். இல்லேன்னா காத்து நின்னுரும். கோணம் தப்புனா அப்பா மொகம் நெகட்டிவ்வா விழும். ஒன்னய நம்ப முடியாது. உரிச்ச புள்ள வரட்டும். அவ பிடிக்கட்டும்."

உன்னைத்தான் சொன்னார். அன்று உரித்தது யார் யார் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நீ பதினேழு வயதில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு நேராக அவர் கடைக்குப் போய், "நான்தான் பெரியப்பா இழுத்தேன், அப்பாவைக் கோவிச்சுக்காதீங்க" என்று சொன்னாயாமே. அவர் உனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்து, "அது பழைய பேனலு தாயி, நீ இழுக்கலேன்னாலும் போயிருக்கும்" என்றாராமே. உனக்காகவும் ஒரு பொய். என்னைவிட நீ சீக்கிரம் போயிருக்கிறாய். நான் மறுநாள் நடந்திருக்க வேண்டிய அந்த இரண்டு கிலோமீட்டரை ஒரு வருடம் கழித்துப் பள்ளிச் சீருடையில் நீ நடந்திருக்கிறாய். நீ நடந்தது எனக்காக. அதுவும் எனக்குத் தெரியாது.

கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணுக்கு அப்பா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பது வழக்கம். எனக்குச் சொல்லும் தகுதி குறைவு. ஆனால் இந்த ஒன்றில் அனுபவம் உண்டு. உன் மேல் தப்பு என்று தெரிந்தால் மறுநாள் காலைக்குள் சொல்லிவிடு. அதைத் தாண்டினால் அது தப்பாக இருக்காது, உன் குணமாக மாறிவிடும். மாப்பிள்ளை மேல் தப்பு என்று தெரிந்தால் பெரியப்பா மாதிரி அமைதியாகத் தாங்கிக்கொண்டும் இருக்காதே. நல்ல மனசுதான், ஆனாலும் அவர் ஒரு தடவை வந்து கதவைத் தட்டி, 'ஏண்டா, பிலிமை உரிச்சியா?' என்று கேட்டிருந்தால் எங்களுக்கு ஒன்பது வருடம் மிச்சமாகியிருக்கும். பார், இப்போதும் அவர் மேல் ஒரு குறை வைத்திருக்கிறேன். இதை மட்டும் எனக்கு அனுமதித்துவிடு.

பெட்டி இப்போது அவர் கடையில், பாட்டரிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காற்றாடிக்கு எண்ணெய் போட்டுவிட்டாராம். நீ புதன்கிழமை வருவதாகச் சொன்னாய். முடிந்தால் செவ்வாயே வா. பஸ் ஸ்டாண்டுக்கு நான் வருகிறேன். வீட்டுக்கு முன்னால் நாகல் நகர் போவோம். பெரியம்மா சோற்றுக்கு உனக்குப் பிடித்த வெஞ்சனம் வைக்கப் போகிறாளாம், அதையும் எழுதச் சொன்னாள். மருதாணி வைப்பதற்கு முன்னால் வா. ஷீட்டில் கறை படும். நகத்தை வெட்டிவிட்டு வா, கீறல் விழும். பெரியப்பா அமுக்கிக்கொண்டு வருவார், நான் விளக்கைப் பிடிக்கிறேன். நீ மூலையைப் பிடித்துக்கொண்டால் போதும். இந்தத் தடவை இழுக்கச் சொல்ல மாட்டேன்.

அப்பா